பூங்காக் கதவு திறந்திருக்கிறது, குழாயில் தண்ணீர் இல்லை

2024 ஆகஸ்ட் கடைசி வாரம். அமெரிக்காவில் கோடை விடுமுறையின் கடைசிக் கொண்டாட்டமான தொழிலாளர் தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவின் தெற்கு விளிம்பில் உள்ள விடுதிகளில் அந்த நாட்களில் அறை கிடைப்பது குதிரைக்கொம்பு. பல மாதங்களுக்கு முன்பே பதிவு செய்திருந்தவர்கள் பெட்டி கட்டிக்கொண்டிருந்த நேரத்தில் பூங்கா நிர்வாகம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. இரவில் யாரும் தங்க முடியாது. ஜூலையிலிருந்து தண்ணீர்க் குழாய் நான்கு முறை பெரிதாக உடைந்துவிட்டது, தெற்கு விளிம்புக்குத் தண்ணீர் ஏறவில்லை.

அந்தக் குழாயின் கதையைச் சொன்னால் அமெரிக்கப் பூங்காக்களின் பணக் கதையில் பாதியைச் சொன்னதுபோல் ஆகும். பள்ளத்தாக்கின் வடக்குப் பக்கத்தில், பாறை இடுக்கிலிருந்து ரோரிங் ஸ்பிரிங்ஸ் என்ற ஊற்று பீறிட்டு விழுகிறது. அந்தத் தண்ணீரைப் பள்ளத்தாக்கின் அடிக்கு இறக்கி, கொலராடோ ஆற்றைத் தாண்டவைத்து, மறுபக்கம் ஏற்றித் தெற்கு விளிம்புக்குக் கொண்டுவர 1960களில் சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அலுமினியக் குழாய் பதித்தார்கள். விடுதி, உணவகம், கழிப்பறை, ஊழியர் குடியிருப்பு, தீயணைப்பு எல்லாவற்றுக்கும் ஆதாரம் இந்த ஒற்றைக் குழாய்தான். அதன் ஆயுள் எப்போதோ முடிந்துவிட்டது. 2010-க்குப் பிறகு மட்டும் 85 முறைக்கு மேல் உடைந்திருக்கிறது. உடையும்போதெல்லாம் ஆட்களையும் கருவிகளையும் ஹெலிகாப்டரில் இறக்கி ஒட்டுப்போட்டுவிட்டு வருகிறார்கள்.

அந்த விடுமுறை வாரத்தில்கூடப் பூங்கா மூடப்படவில்லை. பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்குக் கதவு திறந்தே இருந்தது. இதைக் கொஞ்சம் கவனித்துப் பார்க்க வேண்டும். பூங்காக்களைப் பற்றிய அமெரிக்க அரசியல் சண்டை முழுவதும் கதவைச் சுற்றியே நடக்கிறது. யார் மூடினார்கள், யார் திறந்தார்கள் என்பதுதான் தொலைக்காட்சியில் வருகிறது. கதவுக்கு உள்ளே இருக்கும் குழாயையும், குழாயைப் பழுதுபார்க்கும் ஆளின் சம்பளத்தையும் பற்றி யாரும் கூச்சல் போடுவதில்லை. இந்த ஏற்பாடு இன்று நேற்று வந்ததும் இல்லை.

முதலில் ஒரு சின்ன விளக்கம். அமெரிக்காவில் தேசியப் பூங்கா வேறு, தேசிய வனம் வேறு. பூங்காக்களைப் பார்த்துக்கொள்வது 1916-இல் தொடங்கப்பட்ட தேசியப் பூங்காத் துறை. அது உள்துறை அமைச்சகத்தின் கீழ் வருகிறது. பெயர் உள்துறைதான் என்றாலும் நம் ஊர்போல் போலீஸ் அதன் கையில் இல்லை. பொது நிலங்களும் கனிமங்களும்தான் அதன் பொறுப்பு. தேசிய வனங்களோ 1905 முதல் வேளாண் துறையின் கீழ் இருக்கும் வனத்துறையிடம் உள்ளன. மரத்தையும் ஒரு விளைச்சலாகப் பார்த்த காலத்தின் ஏற்பாடு அது. பூங்காத் துறையிடம் 430-க்கும் மேற்பட்ட இடங்களில் ஏறத்தாழ 8.5 கோடி ஏக்கரும், வனத்துறையிடம் 19 கோடி ஏக்கருக்கு மேலும் இருக்கின்றன. பூங்காக்களுக்கு 2024-இல் நிகழ்ந்த வருகைகள் 33 கோடிக்கும் அதிகம். அதுவரை இல்லாத எண்ணிக்கை.

யானை வந்தது, அங்குசம் வரவில்லை

1872 மார்ச் 1 அன்று அதிபர் யுலிசஸ் கிராண்ட் கையெழுத்திட, யெல்லோஸ்டோன் உலகின் முதல் தேசியப் பூங்கா ஆனது. நாடாளுமன்றம் பூங்காவைக் கொடுத்தது, பணத்தைக் கொடுக்கவில்லை. யானையை வாங்கிவிட்டு அங்குசத்துக்குக் கணக்குப் பார்க்கும் கதைதான். முதல் கண்காணிப்பாளர் நத்தானியல் லாங்ஃபோர்டுக்குச் சம்பளமே கிடையாது. பிழைப்புக்கு வேறு வேலை பார்த்துக்கொண்டிருந்த அவர், ஐந்தாண்டுப் பதவிக் காலத்தில் பூங்காவுக்குப் போனது விரல்விட்டு எண்ணக்கூடிய தடவைகள்தான். வேட்டைக்காரர்கள் மான்களைச் சுட்டுக் குவித்தார்கள். பார்க்க வந்தவர்கள் வெந்நீர் ஊற்றுகளின் ஓரத்துப் படிவங்களை உடைத்து ஞாபகப் பொருளாக எடுத்துப் போனார்கள். முதன்முதலாகப் பத்தாயிரம் டாலர் ஒதுக்கப்பட்டது 1878-இல்.

அந்தச் சொற்பப் பணமும் நிலைக்கவில்லை. நிர்வாகத்தின் மீது எழுந்த புகார்களால் சலித்துப்போன நாடாளுமன்றம் 1886-இல் கண்காணிப்பாளருக்கும் உதவியாளர்களுக்குமான ஒதுக்கீட்டை அப்படியே வெட்டியது. வேறு வழியில்லாமல் உள்துறைச் செயலர் ராணுவத்திடம் உதவி கேட்டார். அந்த ஆகஸ்டில் கேப்டன் மோசஸ் ஹாரிஸ் தலைமையில் ஒரு குதிரைப்படைப் பிரிவு யெல்லோஸ்டோனுக்குள் வந்து இறங்கியது. தற்காலிகமாக வந்த ராணுவம் அங்கே முப்பது ஆண்டுகளுக்கு மேல் இருந்தது. கோட்டை கட்டியது, காட்டுத்தீயை அணைத்தது, திருட்டு வேட்டைக்காரர்களைத் துரத்தியது. 1894-இல் காட்டெருமைகளைச் சுட்டுக் கொன்றுகொண்டிருந்த ஒருவனைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். பிடித்த பிறகுதான் தெரிந்தது, அவனைப் பூங்காவிலிருந்து வெளியேற்றுவதைத் தவிர வேறு தண்டனை தருவதற்குச் சட்டம் இல்லை என்பது. அந்த அவமானத்துக்குப் பிறகே சட்டம் வந்தது.

பூங்காத் துறையின் முதல் இயக்குநர் ஸ்டீபன் மாதர் போராக்ஸ் என்ற வெண்கார வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். அரசு தராத இடத்தில் தன் சட்டைப் பையைத் திறந்தார். யோசெமிட்டிப் பூங்காவைக் குறுக்காகக் கடக்கும் டையோகா சாலை தனியார் கையில் இருந்தது. 1915-இல், துறையே பிறப்பதற்கு முன், அவரும் நண்பர்களும் பணம் போட்டு அதை வாங்கி அரசுக்குக் கொடுத்தார்கள். மனிதர் பெரியவர்தான். ஆனால் ஒரு தேசத்தின் சொத்து ஒரு பணக்காரரின் நல்ல மனத்தை நம்பித் தொடங்கியது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இரண்டாம் உலகப் போர் வந்ததும் பூங்காக்களுக்கான ஒதுக்கீடு 1940-இல் இருந்த 2.1 கோடி டாலரிலிருந்து 1943-இல் 50 லட்சம் டாலராகச் சுருங்கியது. போர்க் காலத்தில் இது புரிந்துகொள்ளக் கூடியதுதான். ஆனால் போர் முடிந்து, கார் வாங்கிய நடுத்தரக் குடும்பங்கள் அலை அலையாகப் பூங்காக்களுக்குக் கிளம்பிய பிறகும் பணம் அதே வேகத்தில் திரும்பி வரவில்லை. கழிவுநீர் வழிந்தது, சாலைகள் பெயர்ந்தன, ரேஞ்சர்கள் எனப்படும் பூங்காக் காவலர்கள் ஒழுகும் குடிசைகளில் குடியிருந்தார்கள். 1953-இல் வரலாற்றாசிரியர் பெர்னார்ட் டிவோட்டோ ஹார்பர்ஸ் இதழில் ஒரு யோசனை சொன்னார். யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, ராக்கி மலை, கிராண்ட் கேன்யன் ஆகிய நான்கையும் இழுத்து மூடி, ராணுவத்தைக் காவலுக்குப் போட்டுவிடலாம். ஒழுங்காக நடத்தப் பணம் தரும்போது திறந்துகொள்ளலாம். பூங்காக்களை உயிராக நேசித்த ஒருவர் எழுதிய வரிகள் இவை. மூடினால்தான் வாக்காளர்களுக்கு உறைக்கும், வாக்காளர்களுக்கு உறைத்தால்தான் நாடாளுமன்றத்துக்கு உறைக்கும் என்பது அவர் கணக்கு.

பூங்காக்கள் மூடப்படவில்லை. ஆனால் 1956-இல் அதிபர் ஐசன்ஹோவரின் ஆதரவுடன், இயக்குநர் கான்ராட் வெர்த் தீட்டிய 'மிஷன் 66' திட்டம் தொடங்கியது. துறையின் ஐம்பதாவது ஆண்டான 1966-க்குள் பூங்காக்களைச் செப்பனிட வேண்டும் என்பது இலக்கு. பத்து ஆண்டுகளில் சுமார் 100 கோடி டாலர் செலவானது. இன்று பூங்காக்களுக்குப் போகிறவர்கள் பார்க்கும் வருகையாளர் மையங்கள், வாகன நிறுத்தங்கள், கழிவுநீர் அமைப்புகள், ஊழியர் வீடுகள் பலவும் அந்தப் பத்து ஆண்டுகளில் எழுந்தவை. எல்லாம் ஏறத்தாழ ஒரே காலத்தில் கட்டப்பட்டதால் ஒரே காலத்தில் கிழடாயின. கிராண்ட் கேன்யன் குழாயும் கிட்டத்தட்ட அவற்றின் வயதுக்காரர்தான்.

விளக்கு எரிய எண்ணெய்

தஞ்சைக் கல்வெட்டுகளைப் படித்தவர்களுக்கு ஒரு கணக்கு தெரிந்திருக்கும். கோயிலில் ஒரு நந்தா விளக்கு எரிய வேண்டுமென்றால் விளக்கை மட்டும் கொடுத்தால் போதாது. 96 ஆடுகளைச் சேர்த்துக் கொடுக்க வேண்டும். மேய்ப்பவர் அந்த ஆடுகளை வைத்துக்கொண்டு நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் பார்த்துக்கொள்வது அவர் பொறுப்பு. அதனால்தான் அவற்றுக்குச் சாவா மூவாப் பேராடு என்று பெயர். விளக்குக்கு ஒரு பணம், எரிவதற்கு ஒரு பணம் என்று தெளிவாகப் பிரித்து யோசித்தவர்கள் அவர்கள்.

அமெரிக்கப் பூங்காக்களின் சிக்கலை இந்தக் கணக்கால் புரிந்துகொள்ளலாம். விளக்கு வாங்க அவ்வப்போது பெரிய மனது வருகிறது. நெய்க்கு ஒவ்வோர் ஆண்டும் கையேந்த வேண்டியிருக்கிறது. பூங்காத் துறையின் பெரும்பங்குப் பணம் நாடாளுமன்றம் ஆண்டுதோறும் ஒதுக்குவது. அண்மை ஆண்டுகளில் அது 330 கோடி டாலர் அளவில் இருக்கிறது. மத்திய அரசின் மொத்தச் செலவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. பூங்காவுக்கு வருகிறவர்கள் சுற்றுவட்டார ஊர்களில் 2023-இல் செலவழித்தது 2,640 கோடி டாலர் என்று துறையே கணக்கிட்டிருக்கிறது. ஆகவே இது வருமானம் தராத வீண் செலவு என்று யாரும் வாதாடுவதில்லை. ஆண்டுதோறும் கேட்டு வாங்க வேண்டிய பணம் என்பதால் ஒவ்வோர் ஆண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிள்ளப்படுகிறது, அவ்வளவுதான். விலைவாசி ஏறினாலும் தொகை ஏறாவிட்டால் அதுவும் வெட்டுத்தான்.

அடுத்தது நுழைவுக் கட்டணம். 1908-இல் மவுண்ட் ரெய்னியர் பூங்காவில் கார்களுக்கு வசூலிக்கத் தொடங்கியது இந்த வழக்கம். 2004-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வசூலில் 80 விழுக்காட்டை அந்தந்தப் பூங்காவே வைத்துக்கொள்ளலாம். மீதி, வசூல் இல்லாத இடங்களுக்குப் போகிறது. கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் கட்டணம் வசூலிக்கும் இடங்கள் மொத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குதான். புகழ்பெற்ற பூங்காவுக்கு நல்ல வருமானம். எங்கோ ஒரு போர்க்களத்தையோ பழைய வீட்டையோ காக்கும் சிறிய இடத்துக்கு மிச்சம் மீதி.

புகழ் இருந்தும் வசூலிக்க முடியாத பூங்கா ஒன்றும் உண்டு. டென்னசி, வட கரோலினா மாநிலங்களில் பரந்திருக்கும் கிரேட் ஸ்மோக்கி மலைகள்தான் அமெரிக்காவில் அதிகம் பேர் போகும் தேசியப் பூங்கா, ஆண்டுக்கு 1.2 கோடி வருகைகள். நுழைவுக் கட்டணம் கிடையாது. பூங்காவைக் கடக்கும் சாலையை டென்னசி மாநிலம் 1951-இல் மத்திய அரசிடம் ஒப்படைத்தபோது, இதில் எந்தக் காலத்திலும் சுங்கம் வசூலிக்கக் கூடாது என்று பத்திரத்தில் எழுதிவைத்தது. மலைவாசிகளை வீடுகளிலிருந்து எழுப்பிவிட்டு உருவான பூங்கா அது. பள்ளிப் பிள்ளைகள் சில்லறைக் காசு சேர்த்துக் கொடுத்து நிலம் வாங்கிய கதையும் அதற்கு உண்டு. அந்த மக்களிடமே வாசலில் காசு கேட்பதா என்ற கோபம் அந்த நிபந்தனைக்குப் பின்னால் இருந்தது. எழுபது ஆண்டுகள் கழித்து நிர்வாகம் ஒரு சந்து கண்டுபிடித்தது. 2023 மார்ச் முதல், உள்ளே போக இலவசம். காரைக் கால் மணி நேரத்துக்கு மேல் நிறுத்தினால் நாளுக்கு 5 டாலர். சாலைக்குக் காசு கேட்டால்தானே பத்திரம் குறுக்கே நிற்கும்? சாமர்த்தியம்தான். அந்தப் பணம் முழுவதும் அந்தப் பூங்காவுக்கே.

மூன்றாவது, அவ்வப்போது வரும் பெரிய கொடை. 2020 ஆகஸ்டில் இரு கட்சிகளின் ஆதரவோடு நிறைவேறி, டிரம்ப் கையெழுத்திட்ட 'கிரேட் அமெரிக்கன் அவுட்டோர்ஸ்' சட்டம் அப்படிப்பட்டது. கடலடி எண்ணெய், எரிவாயு வருமானத்திலிருந்து நிலம் வாங்கவும் பாதுகாக்கவும் 1964 முதல் ஒரு நிதி இருந்தது. அதன் பணம் வேறு செலவுகளுக்குத் திருப்பிவிடப்படுவது வாடிக்கை. புதிய சட்டம் ஆண்டுக்கு 90 கோடி டாலரை அதற்கு நிலையாக்கியது. அதோடு, தேங்கிக் கிடக்கும் பழுதுபார்ப்பு வேலைகளுக்காக ஐந்தாண்டுகளுக்கு ஆண்டுதோறும் 190 கோடி டாலர் வரை ஒதுக்கியது. அதில் 70 விழுக்காடு பூங்காத் துறைக்கு, 15 விழுக்காடு வனத்துறைக்கு.

சட்டம் வந்தபோது பூங்காக்களில் ஒத்திப்போட்டிருந்த பராமரிப்பின் மதிப்பு சுமார் 1,200 கோடி டாலர். சில ஆண்டுகளில் அது 2,300 கோடியைத் தொட்டது. பணம் கொட்டிய பிறகு தேங்கிய வேலை இரட்டிப்பானதா என்று திகைக்க வேண்டாம். பழுதை மதிப்பிடும் முறையைத் துறை மாற்றியது ஒரு காரணம், கட்டுமானச் செலவு ஏறியது இன்னொன்று. மூன்றாவது காரணம் எளிமையானது. ஒரு கூரையை மாற்றும் நேரத்தில் நான்கு கூரைகள் பழசாகின்றன. அவற்றைச் சின்ன ஓட்டையாக இருக்கும்போதே அடைக்க வேண்டிய பராமரிப்பு ஊழியர் பணியிடம் காலியாகக் கிடக்கிறது. இந்தச் சட்டத்தின் பணத்தைப் பெரிய பழுதுபார்ப்புக்குத்தான் செலவழிக்கலாம், வழக்கமான ஊழியர் சம்பளத்துக்கு அல்ல. விளக்கு மறுபடியும் வந்தது, ஆடுகள் மறுபடியும் வரவில்லை. ஐந்தாண்டுத் தவணையும் 2025 செப்டம்பரோடு முடிந்தது.

மூடுவதும் திறப்பதும்

கதவு விஷயத்துக்கு வருவோம். நாடாளுமன்றம் ஒதுக்காத பணத்தை எந்த அதிகாரியும் செலவழிக்கக் கூடாது என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சட்டம். நெடுங்காலம் அதை யாரும் அட்சரம் பிசகாமல் கடைப்பிடிக்கவில்லை. ஒதுக்கீடு கொஞ்சம் தாமதமானால் அலுவலகங்கள் சிக்கனமாக ஓடிக்கொண்டிருக்கும். 1980-இலும் 1981-இலும் அரசின் தலைமைச் சட்ட அதிகாரியான அட்டர்னி ஜெனரல் பெஞ்சமின் சிவிலெட்டி அளித்த விளக்கங்கள் இதை மாற்றின. பணம் ஒதுக்கப்படாவிட்டால், உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பான வேலைகள் போன்ற சிலவற்றைத் தவிர மற்றவை நின்றாக வேண்டும் என்றார் அவர். அரசு முடக்கம் என்று இன்று நாம் செய்தித்தாள்களில் படிப்பது இதிலிருந்து பிறந்ததுதான்.

1995-96 முடக்கத்தில் பூங்காக்கள் மூடப்பட்டன. கிராண்ட் கேன்யன் தன் வரலாற்றில் முதல் முறையாக மூடியபோது, அரிசோனா ஆளுநர் ஃபைஃப் சிமிங்டன் மாநிலத் தேசியக் காவல் படையினரை அழைத்துக்கொண்டு வாசலுக்கே வந்துவிட்டார். கடைசியில் மாநிலப் பணத்தில் ஒரு பகுதியைத் திறக்க ஒப்பந்தமானது. 2013 அக்டோபரில் 16 நாள் முடக்கம். அப்போதும் எல்லாம் மூடல். வாஷிங்டனில் இரண்டாம் உலகப் போர் நினைவிடமும் பூங்காத் துறையின் பொறுப்பில்தான் இருக்கிறது. சக்கர நாற்காலியில் வந்த முதிய வீரர்களுக்காகத் தடுப்புகள் நகர்த்தப்பட்ட காட்சி நாடு முழுக்க ஓடியது. அந்த மாதத்தில் பூங்கா வருகை 78.8 லட்சம் குறைந்தது; சுற்றுப்புற ஊர்கள் 41.4 கோடி டாலர் வருமானத்தை இழந்தன என்று துறை பிறகு கணக்குச் சொன்னது. கிராண்ட் கேன்யனுக்கு அரிசோனா நாளுக்கு 93,000 டாலர் கட்டியது. சுதந்திர தேவி சிலையைத் திறக்க நியூயார்க் பணம் கொடுத்தது. யூட்டா எட்டு இடங்களுக்குச் சேர்த்துக் கட்டியது.

டிவோட்டோவின் கணக்கு ஒரு வகையில் சரி என்று இது நிரூபித்தது. மூடினால் உறைக்கிறது. ஆனால் அரசியல்வாதிகள் கற்றுக்கொண்ட பாடம் வேறு. பணம் கொடுத்துவிட வேண்டும் என்று அவர்கள் முடிவு செய்யவில்லை. இனி எது நடந்தாலும் கதவை மூடக் கூடாது என்று முடிவு செய்தார்கள்.

2018 டிசம்பர் 22 தொடங்கி 35 நாள் நீடித்த முடக்கத்தில் அந்தப் பாடம் செயலுக்கு வந்தது. கதவுகள் திறந்திருந்தன. உள்ளே ஆள் இல்லை. கலிபோர்னியாவின் ஜோஷுவா ட்ரீ பூங்காவில் குப்பைத் தொட்டிகள் வழிந்தன, கழிப்பறைகள் நிரம்பின. உள்ளூர்க்காரர்கள் கழிப்பறைக் காகிதத்தைச் சொந்தக் காசில் வாங்கிவந்து சுத்தம் செய்தார்கள். அது ஒருபுறம் இருக்க, வண்டிகளைப் பாலைநிலத்துக்குள் விட்டு ஓட்டிப் புதுத் தடங்கள் போட்டவர்களும் ஜோஷுவா மரங்களையே சாய்த்தவர்களும் இருந்தார்கள். ஆண்டுக்குச் சில அங்குலமே வளரும் மரம் அது. சாய்ந்தது மறுபடி அந்த உயரத்துக்கு வருவதை இன்று உயிரோடு இருக்கும் யாரும் பார்க்கப் போவதில்லை. (அந்த முடக்கத்தில் லாபம் அடைந்தவர்கள் என்று சொன்னால் பாயிண்ட் ரேயஸ் கடற்கரையின் யானைச் சீல்கள் என்ற கடல் விலங்குகள்தான். விரட்ட ஆள் இல்லாததால் டிரேக்ஸ் கடற்கரையில் குட்டிகளோடு குடியேறிவிட்டன. முடக்கம் முடிந்து ஊழியர்கள் திரும்பியபோது இடத்தை விட்டுக்கொடுத்தது மனிதர்கள்தான்.)

ஜனவரியில் நிலைமை கைமீறவே, கையிருப்பில் இருந்த நுழைவுக் கட்டணப் பணத்தை எடுத்துக் குப்பை அள்ளவும் கழிப்பறை கழுவவும் செலவழிக்க உள்துறை உத்தரவிட்டது. மேம்பாட்டுப் பணிகளுக்காகச் சேர்த்த பணம் அது. நாடாளுமன்றத்தின் தணிக்கை அமைப்பு 2019 செப்டம்பரில் இது சட்டமீறல் என்று தீர்மானமாகச் சொன்னது. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்தாயிற்று. உடைத்த தேங்காய் திரும்பி வருமா என்ன?

2025 அக்டோபர் 1 முதல் 43 நாள் முடக்கம் வந்தது, அதுவரையிலான முடக்கங்களில் மிக நீண்டது. துறையின் சுமார் 14,500 ஊழியர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினரைச் சம்பளமில்லா விடுப்பில் அனுப்பத் திட்டமிட்டார்கள். சாலைகளும் நடைபாதைகளும் காட்சிமுனைகளும் பெரும்பாலும் திறந்தே இருந்தன. ஸ்மோக்கி மலைகளுக்கு அது இலையுதிர்காலத்தின் உச்ச பருவம். டென்னசி மாநிலமும் அக்கம்பக்க உள்ளாட்சிகளும் பணம் போட்டு ஊழியர்களை வேலையில் வைத்துக்கொண்டன. வாசலில் பணக்கார ஊர்கள் உள்ள பூங்காவுக்கு இது நடக்கும்.

காட்டின் கணக்கு

வனத்துறையின் கதையில் கதவு கிடையாது. தேசிய வனங்களுக்குப் பெரும்பாலும் வாசலும் இல்லை, டிக்கெட்டும் இல்லை. ஆகவே அங்கே பணத்தட்டுப்பாடு கண்ணுக்குத் தெரிவது இன்னும் குறைவு. பாதையில் விழுந்த மரம் அப்படியே கிடக்கும், கூடாரத் திடலின் சங்கிலி அவிழாமல் தொங்கும், மழையில் அரித்துப்போன மண்சாலை ஓர் அறிவிப்புப் பலகையோடு நின்றுபோகும்.

அங்கே பணத்தைத் தின்றது தீ. 1995-இல் வனத்துறையின் பட்ஜெட்டில் 16 விழுக்காடு தீயணைப்புக்குப் போனது. 2015-இல் அது 52 விழுக்காடு. பாதிக்கு மேல். 1998-க்கும் 2015-க்கும் இடையில் தீயணைப்பு சாராத ஊழியர்கள் 18,000-இலிருந்து 11,000-க்கும் கீழே போனார்கள். மேற்கு மாநிலங்களில் கோடை நீண்டு வறண்டதும், காட்டோரங்களில் வீடுகள் பெருகியதும், ஒரு நூற்றாண்டுக் காலம் சிறு தீயைக்கூட விடாமல் அணைத்ததால் சருகும் புதரும் குவிந்ததும் சேர்ந்து செய்த வேலை. தீப்பருவத்தின் நடுவில் ஒதுக்கிய பணம் தீர்ந்துவிடும். உடனே மற்றப் பிரிவுகளின் பணத்தை எடுத்துத் தீயில் கொட்டுவார்கள். எந்தப் பிரிவுகள்? புதர் நீக்குவது, அளவோடு தீவைத்துச் சருகைக் குறைப்பது போன்ற, தீயைத் தடுக்கும் வேலைகளின் பணமும் அதில் அடக்கம். விதைநெல்லைக் குத்திச் சமைத்ததுபோல. பிறகு நாடாளுமன்றம் பணத்தைத் திருப்பித் தரும். ஆனால் வேலை செய்ய வேண்டிய பருவம் போயிருக்கும்.

2018-இல் இதற்கு ஒரு தீர்வு கிடைத்தது. பெருந்தீயைப் புயல், வெள்ளம்போலப் பேரிடராகக் கருதி, வழக்கமான பட்ஜெட்டுக்கு வெளியே தனி நிதி வைப்பது. 2020 நிதியாண்டில் 225 கோடி டாலரில் தொடங்கி ஆண்டுதோறும் கூட்டுவது. அதன் பிறகு மற்றப் பிரிவுகளிடம் கடன் வாங்கும் கூத்து பெரும்பாலும் நின்றது. எனக்குத் தெரிந்தவரை இந்தக் கதை முழுவதிலும் நிதி அமைப்பையே திருத்திச் சரிசெய்த ஒரே இடம் இதுதான். ஆனால் போன ஊழியர்கள் அதனால் திரும்பி வந்துவிடவில்லை. 2024 செப்டம்பரில், பைடன் ஆட்சியிலேயே, அடுத்த ஆண்டுக்குத் தீயணைப்பு தவிர்த்த பருவகாலத் தற்காலிகப் பணியாளர்களை எடுக்கப் பணம் இல்லை என்று வனத்துறை கைவிரித்தது. பாதையில் கிடக்கும் மரத்தை அறுப்பவர்கள் அவர்கள்தான்.

திறந்து வைக்க ஓர் உத்தரவு

2025 பிப்ரவரியில் டிரம்ப் அரசு, தகுதிகாண் பருவத்தில் இருந்த ஊழியர்களைக் கூட்டமாக வேலையை விட்டு நீக்கியது. பூங்காத் துறையில் சுமார் 1,000 பேர், வனத்துறையில் இன்னும் அதிகம். அடுத்த வாரம் யோசெமிட்டியின் எல் கேப்பிடன் பாறையில், ஆபத்தை அறிவிக்கும் அடையாளமாகத் தலைகீழாகக் கட்டிய பெரிய தேசியக் கொடி தொங்கியது. நீதிமன்ற உத்தரவுகளால் பலர் திரும்ப அழைக்கப்பட்டார்கள். ஆனால் விருப்ப ஓய்வுத் திட்டங்களில் அனுபவசாலிகள் பலர் வெளியேறினார்கள். அந்த ஆண்டின் நடுப்பகுதிக்குள் நிரந்தர ஊழியர்களில் 24 விழுக்காட்டைத் துறை இழந்துவிட்டது என்று தேசியப் பூங்காக்கள் பாதுகாப்புச் சங்கம் கணக்கிட்டது.

ஏப்ரலில் உள்துறைச் செயலர் டக் பர்கம் ஓர் உத்தரவு போட்டார். பூங்காக்கள் திறந்திருக்க வேண்டும்; எதையாவது மூடுவதென்றாலோ நேரத்தைக் குறைப்பதென்றாலோ மேலிடத்தின் ஒப்புதல் வேண்டும். அடுத்த மாதம் வெள்ளை மாளிகை அனுப்பிய பட்ஜெட் முன்மொழிவில், பூங்காக்களை அன்றாடம் நடத்தும் செலவிலிருந்து ஏறத்தாழ 90 கோடி டாலரை வெட்டவும், பல சிறிய இடங்களை மாநிலங்களின் தலையில் கட்டவும் யோசனை இருந்தது. இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் படித்தால் போதும்.

ஒரு பூங்கா கண்காணிப்பாளரின் இடத்திலிருந்து பாருங்கள். ஆள் குறைவு. கதவை மூட அனுமதி இல்லை. எதை விடுவது? சுற்றுலாப் பயணிக்குத் தெரியாத வேலையைத்தான் விட முடியும். வாசலில் நிற்பவரையும் கழிப்பறை கழுவுபவரையும் எடுக்க முடியாது. ஓடையின் தண்ணீரைச் சோதிக்கும் உயிரியலாளர், அயல் களைகளைப் பிடுங்கும் குழு, பழைய ஆவணங்களைக் காக்கும் காப்பாளர், குழாயில் கசிவு இருக்கிறதா என்று நடந்து பார்த்துவரும் ஊழியர் ஆகியோரின் இடங்களைக் காலியாக விடலாம். பத்து ஆண்டுகளுக்கு யாருக்கும் தெரியாது.

வருமானத்துக்கு வேறு வழியும் தேடினார்கள். 2026 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் வசிக்காதவர்களுக்கு ஆண்டு அனுமதிச் சீட்டு 250 டாலர். வசிப்பவர்களுக்குப் பழைய 80 டாலர்தான். அந்தச் சீட்டு இல்லாமல் வருகிற வெளிநாட்டவர், யெல்லோஸ்டோன், யோசெமிட்டி, கிராண்ட் கேன்யன் உள்ளிட்ட 11 பூங்காக்களில் வழக்கமான கட்டணத்தோடு ஆளுக்கு 100 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். பிள்ளைகளைப் பார்க்க ஆறு மாத விசாவில் போகும் நம் ஊர்ப் பெற்றோருக்கு இது நேரடியாக உறைக்கும் செய்தி. வெளிநாட்டவரிடம் கூடுதலாக வாங்குவதில் தவறில்லை. மாமல்லபுரத்திலும் தாஜ் மகாலிலும் நாமும் அதைத்தான் செய்கிறோம். ஆனால் பெரிய பூங்காக்களின் வாசலில் கூடும் இந்தப் பணம், கட்டணமே இல்லாத முக்கால்வாசி இடங்களின் ஊழியர் சம்பளத்துக்கு ஈடாகிவிடும் என்று நினைப்பதற்கு இடமில்லை.

கிராண்ட் கேன்யனில் பழைய குழாய்க்கு மாற்றாக 20.8 கோடி டாலர் செலவில் புதிய வேலை 2023-இல் தொடங்கியது. தண்ணீர் எடுக்கும் இடத்தைப் பள்ளத்தாக்கின் அடியில் உள்ள பிரைட் ஏஞ்சல் ஓடைக்கு மாற்றுகிறார்கள். அடிக்கடி உடையும் வடக்குப் பகுதிக் குழாயை அதன் பிறகு நம்பியிருக்க வேண்டாம். 2027-இல் முடியும் என்பது திட்டம். 2025 டிசம்பரில் பழைய குழாய் மறுபடி வரிசையாக உடைந்தது. தெற்கு விளிம்பின் விடுதிகள் மறுபடி இரவுத் தங்கலை நிறுத்தின. பகலில் வருகிறவர்களுக்குப் பூங்கா வழக்கம்போல் திறந்திருந்தது.